போருக்கு முன்பே பில்லைக் காட்டுங்கள்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நியூஜெர்சியில் குடியிருந்து, வருடந்தோறும் வரிக்கணக்கு தாக்கல் செய்கிறவன் நான். வெளிநாட்டுக்குப் படை அனுப்பப் பணம் வேண்டும் என்று அடுத்து யார் வந்து நின்றாலும், 2003 ஈராக் போரின் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

2003 மார்ச் 27 அன்று பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் பேசியது உங்கள் குழுவிடம்தான். ஈராக் தன் மறுகட்டுமானச் செலவைத் தானே, அதுவும் சீக்கிரமே, பார்த்துக்கொள்ளும் என்றார். இரண்டு மூன்று ஆண்டுகளில் எண்ணெயால் 5,000 கோடி முதல் 10,000 கோடி டாலர் வரை வரும் என்று கணக்கும் சொன்னார். போருக்கு 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று முந்தைய செப்டம்பரில் வாய்திறந்த வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, அந்த ஆண்டு முடிவதற்குள் பதவியில் இல்லை. இத்தனைக்கும் அவர் சொன்னதே குறைவு. 2001க்குப் பிந்தைய போர்கள் அனைத்துக்கும் சேர்த்து 8 லட்சம் கோடி டாலர் என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2021இல் மதிப்பிட்டது. அதில் 2 லட்சம் கோடிக்கு மேல், திரும்பி வந்த வீரர்களுக்கு 2050 வரை செய்ய வேண்டிய மருத்துவ, உதவித்தொகைச் செலவு.

எல்லாம் எண்ணெய்க்காகத்தான் என்பது எங்கள் ஆட்கள் டீ குடித்தபடி சொல்லும் தீர்ப்பு. பாதி சரி. 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் கொள்ளை போனபோது எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் இருந்தது. ஆனால் 2009 ஜூனில் ஏலம் விட்டபோது ருமைலா வயல் போனது பிரிட்டனின் பிபிக்கும் சீன அரசு நிறுவனத்துக்கும். அதுவும் எடுத்துத் தரும் பீப்பாய்க்கு 2 டாலர் கூலிக்கு. மேற்கு குர்னா-1 வயலைப் பிடித்த அமெரிக்காவின் எக்ஸான்மொபில் 2023 கடைசியில் வெளியேற, அங்கே முன்னுக்கு வந்தது சீனாவின் பெட்ரோசைனா. எண்ணெய்க்காகவே போன போர் என்றால், இதைவிட நஷ்டமான வியாபாரம் உண்டா?

லாபம் வேறு இடத்தில் இருந்தது. எண்ணெய் வயல்களைச் சீரமைக்கும் வேலை போட்டி டெண்டர் இல்லாமலே அமெரிக்க எண்ணெய்ச் சேவை நிறுவனம் ஹாலிபர்ட்டனின் துணை நிறுவனமான கேபிஆருக்குப் போனது. 2000 வரை ஹாலிபர்ட்டனின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் அன்றைய துணை அதிபர் டிக் செனி. படை முகாம்களில் சாப்பாடு, சலவை, லாரி எல்லாமும் கேபிஆர்தான். ஆன செலவோடு அதற்கு மேல் இத்தனை சதவீதம் கட்டணம் என்பது ஒப்பந்தம். அப்புறம் எவன் சிக்கனம் பார்ப்பான்? ஒரு மூட்டைத் துணி துவைக்க 100 டாலர் ஆனதாக முன்னாள் ஊழியர்கள் 2004இலேயே உங்கள் சபைக்குத் தெரிவித்தார்கள்.

ரொக்கக் கதை இன்னும் மோசம். எங்கள் மாநிலத்து ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் பணக் கிடங்கு இருக்கிறது. 2003 மே முதல் 2004 ஜூன் வரை அங்கிருந்து ஏறத்தாழ 1,200 கோடி டாலர் நோட்டாகவே பாக்தாத் போனது. மொத்த எடை 363 டன். மரப்பலகை மேடைகளில் அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, ராணுவச் சரக்கு விமானத்தில் ஏற்றினார்கள். நூறு டாலர் நோட்டுக் கட்டுகளாக அடுக்கிய ஒரு மேடையில் மட்டும் 6.4 கோடி. அதிகாரத்தை ஈராக்கியரிடம் ஒப்படைக்க ஆறு நாள் இருக்கும்போது ஒரே தடவையில் 240 கோடி போனது. பணம் வாங்க வந்த ஒரு ஒப்பந்தக்காரரிடம் பெரிய பையாகக் கொண்டுவரச் சொன்னார்கள் என்று அங்கே பணியாற்றிய அதிகாரியே பின்னாளில் சாட்சியம் சொன்னார். இதில் பெரும்பகுதி ஈராக்கின் சொந்த எண்ணெய்ப் பணம். ஈராக் அமைச்சகங்களுக்குக் கொடுத்த 880 கோடி டாலருக்குச் சரியான கண்காணிப்பே இல்லை என்று 2005 ஜனவரியில் அமெரிக்க அரசின் தணிக்கையாளர் ஸ்டூவர்ட் போவன் எழுதினார். ஒரு மாநகராட்சி கவுன்சிலர் இப்படிக் கணக்கு வைத்தால் உள்ளே இருப்பார்.

இவ்வளவும் நடந்தும் இங்கே தெருவில் யாரும் கத்தவில்லை. காரணம், பில் யார் வீட்டுக்கும் வரவில்லை. கொரியப் போருக்கு ட்ரூமன் வரியை உயர்த்தினார். வியட்நாமுக்காக 1968இல் வருமான வரி மீது 10 சதவீதம் கூடுதல் வரி வந்தது. 1991 வளைகுடாப் போரின் 6,100 கோடியில் சுமார் 5,400 கோடியை சவூதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகளிடம் வசூலித்தீர்கள். 2003இல்? படை பாக்தாதுக்குள் நுழைந்த அடுத்த மாதமே வரிக்குறைப்புச் சட்டம். போரை மளிகைக்கடை நோட்டில் எழுதி வாங்கினீர்கள். வட்டி இன்னும் ஓடுகிறது.

உங்கள் குழுவின் தலைவராக இருந்த டேவிட் ஓபி 2007இல் போர் வரி யோசனையைக் கொண்டுவந்தார். அவருடைய கட்சித் தலைமையே அன்றே கைகழுவியது. 2009இல் ஆப்கானிஸ்தானுக்காக மறுபடி முயன்றார், அதுவும் போனது. வரி கேட்டால் ஓட்டுப் போகும் என்ற பயம்தானே? அந்தப் பயம் போருக்கு முந்தைய வாக்கெடுப்பில் வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஓபியின் யோசனையைத் தூசு தட்டி எடுங்கள். படை அனுப்பும் ஒவ்வொரு தீர்மானத்தோடும், எங்கள் வரியில் எத்தனை சதவீதம் ஏறும் என்ற வாசகமும் சேர்ந்தே வாக்கெடுப்புக்கு வரட்டும். முன்னாள் வீரர்களின் செலவுக்குத் தனி நிதியை அன்றே ஒதுக்குங்கள். செலவோடு கட்டணம் சேர்க்கும் ஒப்பந்தத்தைப் போர்க்களத்தில் தடை செய்யுங்கள். இந்த மூன்றில் எதை ஆதரிப்பீர்கள், எதை எதிர்ப்பீர்கள் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு நியூஜெர்சித் தமிழன்