மலைக்கு ஜீன்ஸைவிட கில்ட் மேல்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில், ஸ்காட்லாந்து மலைப்பாதையில் கில்ட் (அந்நாட்டு ஆண்கள் இடுப்பில் சுற்றி அணியும், முழங்கால்வரை வரும் பாவாடை போன்ற உடை) அணிந்து முதுகுப் பையோடு நடந்துபோகும் ஆண்கள் சிலரின் படத்தைப் போட்டு, ‘வேடிக்கை மனிதர்கள்’ என்று தலைப்பும் கொடுத்திருந்தீர்கள். பாட்டன் காலத்துக் கனத்த கம்பளியை மலைக்கும் சுமந்துபோகும் வீம்பு இது என்றது படத்தோடு வந்த குறிப்பு. ஒரு ஜீன்ஸ் போதாதா என்ற கேள்வி வேறு. நான் கிளாஸ்கோவில் உடைகளைத் திருத்தித் தைக்கும் சின்னக் கடை நடத்துகிறேன். என் பிழைப்பில் பெரும்பங்கு கில்ட்டால் நடக்கிறது. எனவே பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த ஜீன்ஸ். ஸ்காட்லாந்தின் மேற்கு மலைகளில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. நனைந்த ஜீன்ஸ் கனக்கும். ஒரு ராத்திரி கூடாரத்தில் தொங்கவிட்டாலும் காயாது. உள்தொடையை உரசிப் புண்ணாக்கும். காற்று அடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மலை நடைக்கு ஜீன்ஸ் கூடாது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கும் பாடம். தங்கள் குறிப்பை எழுதியவர் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்.

அடுத்தது கம்பளி. என் மேசைக்கு வரும் சம்பிரதாயக் கில்ட் எட்டு கெஜத் துணியில் தைத்தது. கனத்த கம்பளி என்றால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ நிற்கும். முன்பக்கம் மடிப்பே இராது. பின்பக்கம் முழுக்க மடிப்பு. இடுப்பில் தொடங்கிப் பிட்டத்தின் அகலமான இடம்வரை ஒவ்வொரு மடிப்பையும் கையால் தைத்து, அதற்குக் கீழே துணியைத் தன் போக்கில் விட்டுவிடுவோம். கால் எட்டிப் போட இடம் கிடைப்பது அதனால்தான். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு என்று தோல்வார்களும் கொக்கிகளும் உண்டு. கல்யாண வீட்டில் நிற்க இதைவிட அழகான உடை கிடையாது. ஆனால் அதன்மேல் கனத்த பையின் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள், அந்தக் கொக்கிகள் எங்கே அழுத்துகின்றன என்று தெரியும்.

தங்கள் படத்தில் இருப்பது அந்தக் கில்ட் அல்ல. துணி விழுந்திருக்கும் விதத்திலேயே ஒரு தையற்காரனுக்கு அது தெரிந்துவிடும். மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர், மடிப்புகளும் குறைவு, கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ அல்லது அழுத்துப் பித்தான், பக்கவாட்டில் ஜிப் வைத்த பாக்கெட். மொத்தமாக அரைக் கிலோகூட இராது. நனைந்தால் உதறிப் போட்டுக்கொண்டு நடக்கலாம், நடக்கும்போதே காய்ந்துவிடும். பாலியெஸ்டரைச் சூடுகாட்டி மடித்துவிட்டால் துவைத்தாலும் மடிப்புக் கலையாது. நைலானுக்கு மடிப்பின் விளிம்பில் ஒரு தையல் ஓட்டிவிட வேண்டும். அதைச் செய்யாத கில்ட்டுகள்தான் திருத்தத்துக்கு என்னிடம் அதிகம் வருகின்றன.

வீம்பு என்ற சொல்லுக்காக இரண்டு வரி வரலாறு. கில்ட் மலைவாசிகளின் உடை. பழைய பெருங்கில்ட் உடையாக வெட்டித் தைக்காத நீளத் துணி. பகலில் இடுப்பில் மடித்துப் பெல்ட் போட்டுக்கொள்வார்கள், இரவில் அதையே போர்த்திக்கொண்டு வெட்டவெளியில் படுப்பார்கள். அவர்களுக்கு அதுவே கூடாரம், அதுவே படுக்கை. இடுப்புக்குக் கீழே மட்டும் வரும் சிறு கில்ட் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. மலைநாட்டுக் கிளர்ச்சிக்காரர்கள் அரசுப் படையிடம் தோற்ற கலோடன் போருக்குப் பிறகு 1746ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டு உடையைத் தடை செய்தது: முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடு கடத்தல். 1782இல்தான் அந்தத் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது பெரிய மனிதர்கள் எல்லாம் அதை மாட்டிக்கொண்டு நிற்க, அது விழா உடையாகிவிட்டது. இப்போது இந்த நடைக்காரர்கள் அதை மறுபடி மலைக்கு எடுத்துப்போகிறார்கள். இதில் வீம்பு எங்கே?

நானும் மைத்துனரும் கிளாஸ்கோவுக்குப் பக்கத்து மில்கையிலிருந்து ஃபோர்ட் வில்லியம்வரை போகும் மேற்கு மலைநாட்டுப் பாதையில் கில்ட்டோடு நடந்திருக்கிறோம். 154 கிலோமீட்டர். படிக்கல் உயரமாக இருந்தால் காற்சட்டை முழங்காலில் பிடித்து இழுக்கும். கில்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஓடையில் முழங்கால்வரை இறங்கினாலும் ஓரம் நனையாது. நெஞ்சுயரக் கூடாரத்துக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு காற்சட்டையை இழுத்து மாட்டும் வித்தையும் தேவையில்லை. கில்ட்டைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றபடியே உள்ளாடையை மாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று என் மனைவி கேட்கிறார். முகாம் போடுகிறவனுக்குத் தெரிய வேண்டியதே இதுதான்.

உள்ளே என்ன அணிவார்கள் என்று குறிப்பின் கடைசியில் ஒரு நகைச்சுவையும் இருந்தது. மலையில் அதற்கு ஒரே பதில், தொடைவரை வரும் இறுக்கமான அரைக்கால் உள்ளாடை. அது இல்லாமல் வியர்வையோடு நடந்தால் தொடையும் தொடையும் உரசி, ஜீன்ஸ் தரும் அதே புண்ணைத் தரும். காற்றும் சும்மா விடாது. கம்பளி தன் கனத்தால் கீழே நிற்கும், நைலான் பறக்கும். முன்பக்கத் துணியின் உள்பக்கம் ஓர் அழுத்துப் பித்தான் வைத்துக் கொடுத்தால் பாதி மானம் காப்பாற்றப்படும்.

குறைகளை மறைக்கவில்லை. கோடையில் இங்கே மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி படையாக வரும். வெறுங்கால் அதற்கு விருந்து. பெரணிப் புதரிலும் உயரப் புல்லிலும் உண்ணி ஏறும். அது லைம் நோயைக் கொண்டுவரும். அப்படிப்பட்ட பாதையில் நானும் நீளக் காற்சட்டையை மாட்டி, அடிப்பக்கத்தைக் காலுறைக்குள் செருகிக்கொள்கிறேன். கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களுக்கு இந்த உடை ஆகவே ஆகாது. இடுப்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையின் தொடைவளையம் துணியைச் சுருட்டி மேலே ஏற்றிவிடும். எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது அடுப்பு. வாடிக்கையாளர் ஒருவர் கேஸ் அடுப்பின் முன் குந்தி டீ போட்டபோது கில்ட்டின் முன்பக்கத் துணி தீயில் தொங்கி, உள்ளங்கை அகலத்துக்கு உருகிவிட்டது. கம்பளி எளிதில் பற்றாது. நைலான் உருகி உடம்பில் ஒட்டும். சமைக்கும்போது முன்பக்கத் துணியைத் தொடைக்கு இடையில் செருகிக்கொள்ளுங்கள் என்று விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

இது ஸ்காட்லாந்தோடு நிற்கும் விஷயமும் அல்ல. அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை போகும் பசிபிக் மலைமுகட்டுப் பாதையில், ஸ்காட்லாந்து ரத்தம் ஒரு துளியும் இல்லாதவர்கள் இதை அணிந்து நடக்கிறார்கள். சியாட்டிலில் ஒரு நிறுவனம் 2000ஆம் ஆண்டு பாக்கெட் வைத்த வேலைக் கில்ட்டுகளைத் தைத்து விற்கத் தொடங்கியது. அவை பெரும்பாலும் கனத்த பருத்தி, மலைக்கு நான் சொல்ல மாட்டேன். 2008இல் வாஷிங்டன் மாநிலத் தபால்காரர் ஒருவர் கில்ட்டையும் சீருடையில் சேர்க்கும்படி தம் சங்க மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்து தோற்றார். நாள் முழுக்க நடக்கிறவருக்குத்தான் தொடையின் அருமை தெரியும்.

வேட்டியை மடித்துக் கட்டி வெள்ளியங்கிரி ஏறிய வாசகர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இடுப்புப் பட்டை வைத்த பெரிய பையைச் சுமந்தால் வேட்டி அவிழும். கில்ட் அவிழாது.

படத்தைப் பார்த்து ஆசைப்பட்ட இளைஞர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள்: சுற்றுலாக் கடைகளில் தொங்கும் மலிவான அக்ரிலிக் கில்ட்டை வாங்காதீர்கள், அது விருந்துக்கே தாங்காது. ஊரில் உங்கள் தையற்காரரிடமே சொல்லுங்கள். காற்றைத் தடுக்கும் மேலாடைக்குப் போடும் மெல்லிய பாலியெஸ்டர் துணி, முன்னால் தட்டை, பின்னால் ஆழமான ஏழெட்டு மடிப்பு, பட்டை அழுத்தும் இடத்தில் கொக்கியோ தடித்த தையலோ கூடாது. அளவெடுக்கும்போது தரையில் மண்டியிட்டு நில்லுங்கள். சம்பிரதாயக் கில்ட்டின் ஓரம் தரைக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும். மலைக்கு இன்னும் இரண்டு விரற்கடை ஏற்றித் தைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கிளாஸ்கோ