கார்டேனியா வேலிக்கு மருந்தடிக்க வேண்டாம்: நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர், செயலாளர், தோட்டக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். இட்லிப்பூக் கொத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் ஒரு குட்டி உயிர். ‘நம்ம கோயம்புத்தூருக்கு ஹம்மிங்பேர்டு வந்திருக்கு’ என்று எல்லோருக்கும் அத்தனை சந்தோஷம். இரண்டு நாள் கழித்து அதே குழுவில் ஓர் அறிவிப்பு: வாசல் பக்கத்துக் கார்டேனியா வேலியைப் பச்சைப் புழு தின்கிறது, புதன்கிழமை மருந்தடிக்க ஆள் வருகிறார். இரண்டும் ஒரே உயிரைப் பற்றிய செய்திகள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஹம்மிங்பேர்டு, அதாவது ஓசனிச்சிட்டு, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் பறவை. நம் தோட்டத்துக்கு வருவது தேன்சிட்டு. அது பெரும்பாலும் காம்பைப் பிடித்து உட்கார்ந்துதான் குடிக்கும். வீடியோவில் இருப்பது பகலில் பறக்கும் ஓர் அந்துப்பூச்சி. செஃபனோடெஸ் ஹைலஸ் என்பது அதன் அறிவியல் பெயர்.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தலையிலிருந்து இரண்டு உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். எந்தப் பறவைக்கும் அது கிடையாது. அலகு என்று நாம் நினைத்தது அதன் உறிஞ்சுகுழல். பூவை விட்டு விலகியதும் கொசுவர்த்திச் சுருள் மாதிரி சுருட்டிக்கொள்ளும். இறக்கை கண்ணாடி, பின்னாலிருக்கும் பூ அதன் வழியே தெரிகிறது. வயிற்றில் அடர்சிவப்புப் பட்டை. வால் என்று தோன்றுவது நுனியில் விரியும் கருப்பு மயிர்க்கொத்து.

தவறாக நினைத்ததில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் உயிரினங்களைச் சேகரித்த ஹென்றி வால்டர் பேட்ஸே, ஓசனிச்சிட்டு என்று நினைத்து இந்த மாதிரி அந்துப்பூச்சியைப் பலமுறை சுட்டுவிட்டதாக 1863இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். காற்றில் நின்று, ஆழமான பூவுக்குள் எட்டித் தேன் எடுப்பதுதான் இரண்டுக்கும் பிழைப்பு. அதனால் பறவையும் பூச்சியும் ஏறக்குறைய ஒரே தோற்றத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

சரி, புழு விஷயத்துக்கு வருகிறேன். இந்த அந்துப்பூச்சியின் இளம்பருவம்தான் அந்தப் பச்சைப் புழு. நேற்று மாலை வேலியருகே உட்கார்ந்து பார்த்தேன். விரல் நீளத்தில் மயிரே இல்லாத பச்சைப் புழுக்கள், வால் பக்கம் ஒரு சின்னக் கொம்பு. அந்தக் கொம்பு கொட்டாது. கம்பளிப்பூச்சி மாதிரி அரிப்பும் வராது. காப்பிச் செடி, கார்டேனியா போன்றவற்றின் இலைதான் இதற்குச் சாப்பாடு. தின்று முடித்ததும் கீழே இறங்கி, மண்ணிலோ சருகுக்குள்ளோ கூட்டுப்புழு ஆகிவிடும்.

போன வருடம் இப்படி ஒன்றை என் மகள் மண் போட்ட பாட்டிலில் வைத்திருந்தாள். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் வெளியே வந்தது. அப்போது இறக்கை கண்ணாடியாக இல்லை. சாம்பலும் பச்சையும் கலந்த பொடி மூடியிருந்தது. மேசை மேல் நின்றபடி இறக்கையை அதிரவிட்டது. அந்தப் பொடி மேகம் மாதிரி உதிர, அடியில் கண்ணாடி தெரிந்தது. அப்புறம் ஜன்னல் வழியே போய்விட்டது. மேசையில் விழுந்திருந்த பொடியை என் மகள் ரொம்ப நேரம் துடைக்க விடவில்லை.

வேலி மொட்டையாகிவிடுமோ என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நன்றாக வேர் பிடித்த செடி அது, மறுபடி துளிர்க்கும். மருந்தோ புழுவோடு நிற்காது. பக்கத்துப் பூக்களுக்கு வரும் தேனீயையும் சேர்த்துக் கொல்லும். தொட்டியில் கார்டேனியா வைத்திருப்பவர்கள் புழுவைக் கண்டால் இலையோடு கிள்ளிக் கொடுங்கள், பின்பக்க வேலியில் நானே விட்டுவிடுகிறேன். வேலியடிச் சருகை மட்டும் இந்த மாதம் கூட்டி அள்ளாமல் இருக்கச் சொல்லுங்கள்.

புதன்கிழமை வேலையை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு இட்லிப்பூச் செடிப் பக்கம் நிற்பேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பூச்சி, புழு இரண்டையும் காட்டுகிறேன்.

அன்புடன்,
மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குடியிருப்பாளர்