குயிக் ஃபார்மட் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பலரும் பழைய கணினியில் உள்ளதை அழித்துப் பிறருக்குக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து 'குயிக் ஃபார்மட்'டை நம்பிக் கொடுக்காதீர்கள். அது கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கும்; குடும்பப் படங்களும் வங்கி ஆவணங்களும் வட்டில் அப்படியே கிடக்கும்.

ஹார்ட் டிஸ்க் என்றால், விண்டோஸ் நிறுவல் கோப்புகள் உள்ள பென் டிரைவிலிருந்து (8 ஜிபி போதும்) கணினியைத் துவக்கி ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புச் சாளரம் வரும். அதில் 'டிஸ்க்பார்ட்' என்ற வட்டுக் கருவியைத் திறந்து, வட்டை அதன் எண்ணைக் கொடுத்துத் தேர்ந்தெடுத்து 'கிளீன் ஆல்' கொடுத்தால் வட்டின் ஒவ்வொரு செக்டரிலும் (சிறு பகுதியிலும்) சுழியம் எழுதப்படும். 1 டிபி வட்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். திரை அசையாமல் நிற்பதைப் பார்த்து நடுவில் அணைத்துவிடாதீர்கள். வட்டு எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டால், தவறாக அழிந்த வட்டுக்கு மீட்சியே இல்லை. பேக்கப் எடுத்த வட்டைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வட்டுக்கு, அதன் தயாரிப்பாளர் தரும் 'செக்யூர் எரேஸ்' என்ற அழிப்பு வசதிதான் சரி.

அழித்த பிறகு விண்டோஸை மறுபடி நிறுவுவதானால், வைஃபை டிரைவரை (வைஃபையை இயக்கும் மென்பொருளை) முன்பே இறக்கி வையுங்கள். சில கணினிகளில் நிறுவி முடித்ததும் இணையம் வராது; இணையம் இல்லாமல் டிரைவரும் கிடைக்காது.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர்