மௌசி வேலை பிடித்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்

மும்பையில் நர்சிங் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நேர்முகத் தேர்வு நடத்துகிற மேட்ரன்களுக்கும் டியூட்டர்களுக்கும்,

வணக்கம். நான் சயான் கோலிவாடாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். பன்னிரண்டாவது முடித்ததும் மேலே படிக்கக் காசில்லாமல் இரண்டு வருஷம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் அட்டெண்டராக இருந்தேன். அதில் சேர்த்த பணத்தோடு அப்பா வாங்கிய கடனையும் போட்டு ஜிஎன்எம் என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து, இப்போது 11 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். போன மாதம் எங்கள் சாலில் (வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில்) இருக்கும் ஒரு பெண் நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு அழுதுகொண்டே வந்தாள். அதனால்தான் இந்த மடல்.

அவளும் ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரியில் மௌசியாக இருந்தவள். (ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மௌசி என்றால் மராத்தியில் அம்மாவின் அக்காவோ தங்கையோ. இங்கே ஆஸ்பத்திரி ஆயாக்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஆண் என்றால் மாமா.) விண்ணப்பத்தில் அந்த அனுபவத்தைப் பெருமையாக எழுதியிருந்தாள். "அந்த வேலை பிடித்திருந்ததா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லை மேடம்" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். "அதுவே பிடிக்கவில்லை என்றால் நர்ஸாகி என்ன செய்யப் போகிறாய்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு முன்னால் உள்ளே போன பெண் பள்ளிக்கூடத்தில் இருந்து நேராக வந்தவள், சேவை செய்யப் பிடிக்கும் என்று சொன்னாள், இடம் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நன்றாகப் படிக்கட்டும். ஆனால் ஒரு பெட்பேனைக் கையால் தொட்டுப் பார்த்திராதவளிடம் கேட்காத கேள்வியை, ஆயிரம் பெட்பேன் கழுவியவளிடம் கேட்டு, அவள் சொன்ன பதிலுக்காகவே அவளை வெளியே அனுப்பினால், வேலை பார்த்ததுதானே அவள் செய்த குற்றம்?

அவள் அம்மா என்னிடம் வந்து, "ஏம்மா, அவங்க பெரிய படிப்பு படிச்சவங்க, சொன்னா சரியாத்தானே இருக்கும், இவளை வேற எதுலயாவது சேர்த்துடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எனக்கும் மௌசி வேலை பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பிடித்ததில்லை. ஆனால் பிடிக்காதது எது என்று யாராவது கேட்டிருந்தால், மலமும் மூத்திரமும் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். அதெல்லாம் முதல் வாரத்தோடு சரி. 12 மணி நேர டியூட்டியில் இரவு முழுக்க 22 பேருக்கு நான் ஒருத்தி. ஒருவருக்குத் துணி மாற்றும்போது இன்னொருவர் தண்ணீர் கேட்டுக் கத்துவார், மூன்றாமவர் கட்டிலில் இருந்து இறங்கப் பார்ப்பார், யாருக்கும் முழுதாக எதுவும் செய்ய முடியாமல் காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. நர்ஸுகளுக்காவது இந்திய நர்சிங் கவுன்சில் பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒருவர், பயிற்சி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்று ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறது. நடப்பது வேறு என்றாலும், காட்டிச் சண்டை போட ஒரு தாள் இருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர், 60 கிலோ இருப்பார். காலையில் அவருடைய மூத்திரப் பையைக் காலி செய்யப் போனேன். இரவு 8 மணிக்குக் காலி செய்த பை, காலை 8 மணிக்கு 100 மில்லிதான் இருந்தது, நிறமும் கட்டன் சாயா மாதிரி. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. டியூட்டியில் இருந்த சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, "உனக்கு எதுக்கு அதெல்லாம், கொட்டிட்டு அளவை எழுது" என்றார். கொட்டினேன், எழுதினேன். மத்தியானம் அந்தப் பெரியவரை ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று மறுநாள் தெரிந்தது. பிறகு என்ன ஆனார் என்று மௌசியிடம் யார் சொல்வார்கள்?

ஜிஎன்எம் படிக்கும்போது டியூட்டர் மேடம் ஒரு நாள் போர்டில் எழுதினார்: பெரியவர்களுக்கு மணிக்கு, கிலோவுக்கு அரை மில்லியாவது மூத்திரம் போக வேண்டும், குறைந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நான் நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். 60 கிலோவுக்கு மணிக்கு 30, இரவு 12 மணி நேரத்துக்கு 360. அந்தப் பெரியவருக்கு 100. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன், ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்குப் பிடிக்காதது அந்தப் பையைத் தொடுவது இல்லை. அந்தப் பை என்ன சொல்கிறது என்று தெரியாமலே, தெரிந்துகொள்ள உரிமையும் இல்லாமல், அதைக் கொட்டிக்கொண்டிருந்ததுதான். அந்த வெறுப்புதான் என்னை நர்சிங் பள்ளி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு வெறுப்போடு வருகிறவளை நீங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள்.

அதற்காக மௌசி வேலை வேறு, நர்ஸ் வேலை வேறு என்று நான் சொல்ல வரவில்லை. கை செய்வது பாதிக்குமேல் ஒன்றுதான். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதை அன்றும் செய்தேன், இன்றும் செய்கிறேன். இன்று புரட்டும்போது கண் இடுப்பின் பின்புறத்துக்கும் குதிகாலுக்கும் போகிறது. சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்கிறேன், வெளுக்காமல் அப்படியே சிவப்பாகவே இருந்தால் புண் உள்ளே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சாப்பாடு போகிறதா, தோல் ஈரமாகவே இருக்கிறதா, அசைய முடிகிறதா என்று பார்த்து, படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் காட்டும் பிரேடன் மதிப்பெண் போடுகிறேன், 6 முதல் 23 வரை, குறையக் குறைய ஆபத்து. அதே புரட்டல்தான், காரணம் தெரிந்து செய்கிற புரட்டல். பரேல் கேஇஎம் மருத்துவமனையில் 1973 நவம்பரில் தாக்கப்பட்டு நினைவிழந்த, அங்கேயே நர்ஸாக இருந்த அருணா ஷான்பாகை, 2015 மே மாதம் அவர் இறக்கும்வரை அங்கிருந்த நர்ஸுகள் தலைமுறை தலைமுறையாக ஊட்டி, துடைத்து, புரட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை வருஷத்தில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011 தீர்ப்பில் பாராட்டியது. நம் ஊர் நர்ஸுகள் செய்த மிகப் பெரிய வேலை என்று நான் நினைப்பது அதைத்தான். அதில் மௌசி வேலை எது, நர்ஸ் வேலை எது என்று யாரால் கோடு போட முடியும்?

அதனால் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். சில வெறுப்பு நிஜமாகவே எதையோ சொல்கிறது. என்னோடு படித்த ஒருத்தி, பரீட்சையில் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருவாள், மருந்துக் கணக்கு மனசுக்குள்ளேயே போடுவாள். ஆனால் நோயாளி நனைந்து கிடந்தால் "மௌசி வரட்டும்" என்று சொல்லிவிட்டு சார்ட் எழுதப் போய்விடுவாள். மௌசி வர ஒரு மணி நேரம் ஆகும். அவளுக்குப் பிடிக்காதது வேலை இல்லை, அந்த வேலையைச் செய்கிறவர்களோடு தன்னையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அந்த வெறுப்பை நேர்முகத் தேர்விலேயே கண்டுபிடிக்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் அவள் மௌசியாக இருந்ததே இல்லை, அந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்கவில்லை.

குமட்டலையும் நீங்கள் கணக்கில் எடுக்கக் கூடாது என்பேன். எனக்கு இன்றும் சளி உறிஞ்சி எடுக்கிற சத்தம் கேட்டால் வயிறு புரளும், 11 வருஷம் ஆகியும் போகவில்லை. மாஸ்க்குக்குள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு செய்து முடிப்பேன், நோயாளிக்குத் தெரியாது. எந்த வார்டிலும் ஒருவருக்கு வாந்தி ஆகாது, இன்னொருவருக்கு அழுகிய புண் வாடை ஆகாது, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் நர்சிங் ஹோமில் ஒரு மௌசிக்கு அந்த வேலை உயிர். பாட்டிமார்களுக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுவிடுவார், வார்டே அவரைத் தேடும். எல்லோரும் தூண்டிவிட்டு, ஜிஎன்எம்மைவிடச் சின்னப் படிப்பான ஏஎன்எம் படிக்கப் போனார். படித்து முடித்தார், ஆனால் ஊசி மருந்தின் அளவைத் தனியாகக் கணக்குப் பார்த்துப் போட வேண்டிய ஒவ்வொரு தடவையும் கை நடுங்கியது, ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து "சரியாத்தான் போட்டேனா" என்று யோசிப்பாராம். ஒரு வருஷத்தில் விட்டுவிட்டு வீட்டிலேயே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார், இப்போது நிம்மதியாக இருக்கிறார். உங்கள் கேள்விக்கு அவர் "ரொம்பப் பிடிக்கும் மேடம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

அமெரிக்காவில் சில நர்சிங் கல்லூரிகள் சேருவதற்கு முன்னாலேயே நர்சிங் உதவியாளர் சான்றிதழ் கேட்கின்றன, அதற்கு அங்கே மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். வருகிறவர்களுக்கு வார்டு என்றால் என்னவென்று முன்பே தெரியட்டும் என்பது நல்ல எண்ணம், இங்கே அப்படி ஒன்று வந்தால்கூட நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் வார்டைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறவளிடம் நாம் கேட்க வேண்டியது, பிடித்ததா என்பது இல்லை. பிடிக்காத நாளில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். பெல் அடித்தபோது எழுந்து போனாயா, எது பிடிக்கவில்லை, ஏன், அந்த இடத்தில் நீ சிஸ்டராக இருந்திருந்தால் என்ன மாற்றியிருப்பாய் என்று கேளுங்கள். ஐந்து நிமிஷம் அதிகமாக ஆகும், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணிடம் நான் கேட்டேன். ஒரு பாட்டி வலிக்கிறது வலிக்கிறது என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாராம், தமிழ் மட்டும்தான் தெரியும், இவள் போய் இந்தியில் எடுத்துச் சொன்னால் "உன் வேலையைப் பார்" என்று சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, எனக்குக் கேட்டுச்சு, ஆனா நான் சொன்னா யாருக்கும் கேட்கலை, அதான் பிடிக்கலை" என்றாள்.

வருகிற புதன்கிழமை அவளுக்கு இன்னொரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு. இந்த முறை "பிடிக்கும்" என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். பொய் சொல்லு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிடிக்கவில்லை என்றே சொல்லு, அதோடு நிறுத்தாமல் அந்தப் பாட்டி கதையையும் சொல்லு என்று சொல்லியிருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கப் போவது உங்களில் யார் என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து அவள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மௌசி, இந்நாள் ஸ்டாஃப் நர்ஸ்,
மும்பை