ஜூலை முதல் தேதிக்கு முன்னால் ஒரு தாள் ஒட்டுங்கள்

தென்னாப்பிரிக்காவில் உள்ள எங்கள் நகராட்சியின் மின்துறை அதிகாரிகளுக்கும் நகர்மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கரண்ட் விலை ஏறுவதைக் கடைகளில் முன்கூட்டியே ஒட்டச் சொல்லி ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. கோயிலுக்கு வரும் பெரியவர்களும் படித்துக் கையெழுத்துப் போடட்டும் என்று இந்த முறை தமிழில் எழுதுகிறேன்.

போன ஜூலை முதல் வாரம், பக்கத்து வீட்டு ஆயா முனைக்கடையில் வீட்டு ப்ரீபெய்டு மீட்டருக்கு 100 ரேண்டுக்குக் கரண்ட் வாங்கினார். சீட்டுகளை எல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறவர் அவர். ஜூன் மாதச் சீட்டை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய நான்கு யூனிட் குறைவு. இரண்டு சீட்டையும் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனார். "வயசானவதானேன்னு ஏமாத்துறியா?" என்று நாலு பேர் முன்னால் கடைப் பையனைப் பிடித்துத் திட்டிவிட்டார். பாவம், ஜூலை முதல் தேதி விலை ஏறிய சேதி அவனுக்கும் தெரியாது. முகம் சுருங்கி நின்றான். விவரம் தெரிந்த பிறகு ஆயாவுக்கு அந்தப் பையன் முகத்தில் முழிக்க வெட்கம். இன்றுவரை முட்டி வலியோடு இரண்டு தெரு தள்ளிப் போய்த்தான் வாங்குகிறார்.

நான்கு யூனிட் உங்களுக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். மூன்று கிலோவாட் கீசர் ஒரு மணி இருபது நிமிடம் ஓடினால் நான்கு யூனிட். ஜூலைக் குளிரில், ஆயா வீட்டில் அது ஒரு நாள் வெந்நீர்.

விலையே ஏறக்கூடாது என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குக் கரண்ட் விற்கும் அரசு மின் நிறுவனமான எஸ்கோம் விலையை ஏற்றினால் நீங்களும் ஏற்றத்தான் வேண்டியிருக்கும். ஏற்றுவதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மார்ச் முடிவதற்குள் வரவுசெலவுத் திட்ட வரைவை மன்றத்தில் வைத்து மக்கள் கருத்தையும் கேட்கிறோமே என்பீர்கள். அந்த வரைவை நூலகத்தில் உட்கார்ந்து நானே புரட்டிப் பார்த்தேன். எத்தனை சதவீத உயர்வு என்று இருக்கிறது. 100 ரேண்டுக்கு எத்தனை யூனிட் வரும் என்று எங்கேயும் இல்லை. மாதத்தில் வாங்க வாங்க யூனிட் விலை ஏறும் படிநிலைக் கணக்கு வேறு. அதற்கு மேல் 15 சதவீத வாட் வரி. இதையெல்லாம் ஆயா எப்படிக் கணக்குப் போடுவார்?

பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறுகிறது. வீட்டு கேஸுக்கு அரசு வைக்கும் உச்சவிலையும் அன்றைக்குத்தான் மாறுகிறது. சென்ட் வரைக்கும் முன்கூட்டியே சொல்கிறார்கள், செவ்வாய்க்கிழமையே போய் டேங்கை நிரப்பிக்கொள்கிறோம். கரண்டுக்கு மட்டும் ஏன் அப்படி முடியவில்லை?

மேலிடமும் இப்படித்தான். 2026 ஏப்ரலில் எஸ்கோம் கட்டணம் 5.36 சதவீதம் ஏறும் என்று, கட்டணத்தை முடிவு செய்யும் ஒழுங்குமுறை அமைப்பான நெர்சா 2025 ஜனவரியில் அறிவித்தது. ஆகஸ்டில், கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது என்று அதையே 8.76 ஆக்கியது. பிழையைச் சரிக்கட்ட எஸ்கோமுக்கு ஒதுக்கியது 5,400 கோடி ரேண்ட். அவர்கள் கணக்கில் விட்டதை எங்கள் மீட்டரில் பிடிக்கிறார்கள். மாதக் கடைசியில் அடுப்பில் பருப்பு பாதி வெந்திருக்கும்போது மீட்டர் பீப் பீப் என்று கத்துகிற வீடுகளிலும்தான் பிடிக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்கு மனசு கொதிக்கிறது.

அந்தப் பிழை உங்களுடையது அல்ல என்று தெரியும். உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறேன். கரண்ட் விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஜூன் முதல் தேதியே ஒரு தாள் ஒட்டுங்கள். பழைய விலை, புதிய விலை, இரண்டும் வாட் சேர்த்து. 50, 100, 200 ரேண்டுக்கு எத்தனை யூனிட் வரும் என்பது. ஆங்கிலத்திலும் சுலுவிலும் இருந்தால் போதும், தமிழில் நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

தாளை அச்சடித்துக் கொடுத்தால், ஒட்டுகிற வேலையைக் கோயில் இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். தயவுசெய்து வரும் ஜூலைக்கு முன்னால் செய்யுங்கள். முதல் தாளை அந்த முனைக்கடையில் ஒட்ட வேண்டும். அன்றைக்கு ஆயாவை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் கரண்ட் வாங்கும் ஒருவர்
குவாசுலு-நேட்டால்