பாப்பாவுக்கு, அந்தப் படங்களைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், ஒரு புதுப் படத்தில் எடிட்டிங் உதவிக்குச் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னாய். என்ன படம் என்று கேட்டேன். "உடம்பு, ஆசை, அந்த மாதிரி விஷயம்மா, நீ பார்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உடனே அப்பாவின் முட்டிவலியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டாய். அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். நான் அந்த மாதிரிப் பிரெஞ்சுப் படங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் பாப்பா. நீ எப்போதோ பேச்சுவாக்கில் சொன்ன பெயர்களை டைரியில் குறித்து வைத்திருந்தேன். ரிட்டையர் ஆனபிறகு, ராத்திரி அப்பா தூங்கினதும், நீ வாங்கிக்கொடுத்த டேப்லெட்டில், கீழே ஓடும் இங்கிலீஷை நிறுத்தி நிறுத்திப் படித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 31 வருஷம் வார்டில் நின்றவள், எத்தனையோ பேரைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டவள், உடம்பைப் பார்த்து மிரண்டுவிடுவேன் என்று உனக்கு ஏன் தோன்றியது?

முதலில் 'தித்தான்'. 2021-ல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கிய படம். ஜேன் கேம்பியனுக்குப் பிறகு அந்தப் பரிசை வாங்கிய இரண்டாவது பெண் இயக்குநர் ஜூலியா துகூர்னோ. முதல் அரைமணி நேரக் கொலைகள் எனக்கு ஆகவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன், அதை மறைக்கவில்லை. ஆனால் கொலை செய்த அந்தப் பெண் காணாமல்போன பையனாக நடிப்பதற்காக, வளர்ந்துகொண்டே வரும் வயிற்றையும் மார்பையும் துணியால் இறுக்கிக் கட்டுகிறாள் பார், அவிழ்க்கும்போது தோலில் பதிந்திருக்கும் சிவந்த தழும்பு, அதை அப்படியே காட்டியிருக்கிறார்கள். அந்த வயசான தீயணைப்பு அதிகாரி, ஊசி போட்டுப் போட்டுக் கன்றிப்போன இடத்திலேயே மறுபடி ஊசி குத்திக்கொள்கிறார். இதெல்லாம் உடம்பைத் தொட்டு வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஆயிற்றே என்று தேடிப்பார்த்தால், துகூர்னோவின் அப்பா தோல் மருத்துவர், அம்மா மகளிர் மருத்துவர். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிரெஞ்சு இயக்குநர் கத்தரீன் பிரேயாவின் படங்கள் எனக்குக் கடினமாகத்தான் இருந்தன. சில இடங்களில் கோபமே வந்தது. 1976-ல் அவர் எடுத்த முதல் படம், வயசுக்கு வந்துகொண்டிருக்கும் ஒரு பெண் தன் உடம்பைத் தானே பார்ப்பதைப் பற்றிய படம், 2000-த்தில்தான் தியேட்டருக்கு வந்தது என்று படித்தேன். 2004-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து, அப்புறமும் எழுந்து படம் எடுத்திருக்கிறார். பக்கவாதம் வந்தவர்களை நடக்கவைக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். 'டாம்பாய்' பார்த்தேன். செலின் சியாமா 2011-ல் எடுத்தது, ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. புது இடத்துக்குக் குடிவந்த 10 வயசுப் பெண் லோர், கிராப்புத் தலையோடு வெளியே விளையாடப் போய், பையன் மாதிரி, என் பெயர் மிக்கேல் என்று சொல்கிறாள். விஷயம் தெரிந்ததும் அவள் அம்மா ஒரு நீல கவுனை வலுக்கட்டாயமாக மாட்டிவிட்டு, கையைப் பிடித்து வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த அம்மா கெட்டவள் இல்லை. சீக்கிரமே பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பிறகு அந்தக் குழந்தை காட்டுக்குள் ஓடி, கவுனைக் கழற்றி ஒரு கிளையில் தொங்கவிட்டுப் போய்விடுகிறது. இலைகளுக்கு நடுவில் அந்த நீலம் மட்டும் தொங்குகிறது. அங்கேயே நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் மஞ்சள் நீராட்டு அன்றைக்கு, வேண்டாம்மா வேண்டாம்மா என்று நீ அழுதாய். நான் பட்டுப்புடவையைக் கட்டி, நகை போட்டு, மண்டபத்தில் 300 பேருக்கு முன்னால் உன்னை உட்காரவைத்தேன். எல்லா வீட்டிலும் செய்கிறதுதானே என்று நினைத்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கண்ணு.

வார்டில் ஒரு நோயாளியின் துணியை விலக்குவதற்கு முன்னால் ஸ்கிரீனை இழுத்துவிட வேண்டும், "இப்போ இதைச் செய்யப்போறேன்மா" என்று வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் படிக்கிற காலத்திலேயே அடித்துச் சொல்லிக்கொடுத்தது இது. பாரிசில் எடுத்த 'லாஸ்ட் டாங்கோ' படத்தில் நடித்தபோது மரியா ஷ்னைடருக்கு 19 வயசு. ஒரு வன்புணர்ச்சிக் காட்சியில் வெண்ணெயை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று அந்தப் பெண்ணிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்று இயக்குநர் பெர்த்தொலூச்சியே 2013-ல் ஒப்புக்கொண்டார். தான் அழுதது உண்மையான கண்ணீர் என்று மரியா பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சியை எடிட்டிங் அறையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார் இல்லையா? நீ இப்போது உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான், பாப்பா. அரசின் சினிமா மையம் தரும் நிதி வேண்டுமென்றால் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்று 2021-லிருந்து நீ இருக்கும் பிரான்ஸில் தயாரிப்பாளர்களுக்கு விதி வந்திருக்கிறது, நல்லது. இருந்தாலும் ஒரு முகத்தில் நடிப்பு நின்றுபோய் நிஜமான பயம் வந்தால் உன் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் வாய்விட்டுச் சொல். வேலை போனாலும் பரவாயில்லை, என் பென்ஷன் இருக்கிறது.

படம் முடிந்ததும் எனக்கும் அனுப்பு. அதைப் பற்றி உன்னோடு பேச வேண்டும், முட்டிவலியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. கூடத்தில் மாட்டியிருந்த உன் மஞ்சள் நீராட்டுப் போட்டோவைக் கழற்றி, துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். அதை என்ன செய்யலாம் என்று நீ சொல்.

அம்மா