அலட்சியம் என்று எழுதி முடித்துவிடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிராமங்களில் தட்டம்மை பரவுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசி போடாததுதான் காரணம், அதற்குப் பெற்றோரின் அலட்சியம்தான் காரணம் என்று முடித்திருந்தீர்கள். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதல் பாதி சரி. இரண்டாவதை விசாரிக்காமல் எழுதக்கூடாது.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. உடனே ஊருக்குள் வந்து ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் பிள்ளையைத் தூக்கிப் போக வேண்டும் என்றானது. அன்றிருந்த பதற்றத்தில் வேறு வழி தோன்றியிருக்காது. ஆனால் பஸ் வராத ஊரில் இருக்கும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி. 2005-06 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் சுமார் 81 சதவீதம். 2015-16இல் அது 70க்கும் கீழே போனது. அப்புறம் 2019-21இல் 89க்கு ஏறியது. சரிவு முழுவதையும் அந்த உத்தரவின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் பெற்றோரின் அலட்சியம் மட்டும் இப்படி ஏறி இறங்குமா என்ன?

தட்டம்மை வந்தால், வந்த வீட்டுக்கு மட்டும் போய் அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அதே தெருவில், அதே வயதில், அம்மை வராத பிள்ளைகளின் வீட்டுக்கும் போக வேண்டும். இரு வீட்டாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். 9 மாதத்தில் போடும் முதல் ஊசி நூற்றில் 85 பிள்ளைகளைத்தான் காக்கும். 16 மாதத்துக்கு மேல் போடும் இரண்டாவது ஊசிதான் விட்டுப்போகிறது. அதற்குள் தாய் வேலைக்குத் திரும்பியிருப்பாள், ஊசி போடும் புதன்கிழமை அவளுக்கு வேலை நாள்.

வேப்பிலைக் கொத்தைப் பழிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வாசலில் செருகியிருந்தால் வெளியாள் உள்ளே வர மாட்டார், அது நல்லதுதான். "அம்மா வந்திருக்கா" என்று செவிலியரிடமும் மறைத்து, வைட்டமின் ஏ கொடுக்க விடாமல் செய்வதுதான் ஆபத்து. தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே நோய் அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. சேதி தாமதமானால் தெருவே படுத்துவிடும்.

இன்னொன்று, செங்கல் சூளைகள். தை பிறந்ததும் வெளி மாவட்டத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர் சொந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை இருக்காது. இங்கே பிள்ளை இருக்கும், பெயர் இருக்காது. ஊராட்சிக் கணக்கு 95 சதவீதம் காட்டும்போதும் சூளையில் பாதிப் பிள்ளைகள் ஊசி போடாமல் இருக்கலாம். அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபரை அங்கே அனுப்புங்கள். பொழுது சாய்ந்த பிறகு போகச் சொல்லுங்கள், பகலில் போனால் யாரும் பேச மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.